எடைத் தராசும் பாப்பாவின் கண்ணும்

"ஆயிரத்து நூத்தி முப்பது" என்றார் சிஸ்டர், கதவை லேசாகத் திறந்து.

முகில் கையில் பழைய டைரி ஒன்று இருந்தது. தேதி போட்டு அந்த எண்ணை எழுதினான். எழுதியவன் மேலே இருந்த வரிகளைப் பார்த்தான். முகம் சுருங்கிவிட்டது. பிறந்த அன்று 1,240 கிராம். மூன்றாம் நாள் 1,170. இன்று ஐந்தாம் நாள், 1,130.

"மாமா, பாப்பா வளரவே இல்ல. குறைஞ்சுக்கிட்டே போகுது."

முகில் என் அக்கா மகன். ஐந்தாம் வகுப்பு. அவனுக்குத் தங்கை பிறக்க வேண்டிய நாளுக்கு இன்னும் பதினொரு வாரம் இருந்தது. அவள் அதற்குள் அவசரப்பட்டு வந்துவிட்டாள். தாயின் வயிற்றில் ஒரு குழந்தை ஏறத்தாழ 40 வாரம் இருக்கும். 37 வாரம் முடிவதற்குள் பிறந்தால் குறைமாதக் குழந்தை என்பார்கள். உலகத்தில் பத்துக் குழந்தை பிறந்தால் அதில் ஒன்று இப்படித்தான் பிறக்கிறது. 2020ஆம் ஆண்டில் மட்டும் 1 கோடியே 34 லட்சம் குறைமாதக் குழந்தைகள். ஆக, முகிலின் தங்கை தனியாள் இல்லை.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, எடை போடுவதை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். சிஸ்டர் முதலில் தராசின் மேல் ஒரு துணியை விரித்து, பொத்தானை அழுத்தி எண்ணைப் பூஜ்யமாக்கினார். துணியின் எடை கணக்கில் சேரக் கூடாதல்லவா? பிறகு பாப்பாவை வைத்தார். அவள் உடம்போடு ஒட்டியிருந்த வயர்களையும் சின்னக் குழாயையும் ஒரு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டார். வயர் இழுத்தால் பத்து கிராம் கூடும், தாங்கினால் பத்து கிராம் குறையும். நாம் காய்கறிக் கடையில் பத்து கிராமைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. இங்கே அது பெரிய சமாசாரம்.

பாப்பாவின் தோல் அவ்வளவு மெல்லியதாக இருந்தது, உள்ளே ஓடும் ரத்தக்குழாய்கள் தெரிந்தன. காதில் குருத்தெலும்பு இன்னும் விறைக்கவில்லை; மடித்தால் மடித்தபடியே நிற்குமாம். உள்ளங்காலில் ரேகைகள் இரண்டோ மூன்றோதான். "கால்ல கோடெல்லாம் இனிமேத்தான் போடணும்" என்று சிரித்தார் சிஸ்டர். "எடை குறையுதேன்னு பயப்படாத தம்பி. மொத வாரம் எல்லாப் பிள்ளைக்கும் குறையும். உடம்புல இருக்கிற தண்ணி வத்துது. பத்துல ஒரு பங்கு வரைக்கும் இறங்கிட்டு அப்புறம் ஏறும்."

முகில் விடவில்லை. "அப்ப நிறையப் பால் குடுத்தா சீக்கிரம் ஏறிடும்ல மாமா?"

நல்ல கேள்வி. பதில்தான் கொஞ்சம் நீளம்.

வீடு கட்ட மனையில் ஒரு லாரி செங்கல்லைக் கொட்டிவிட்டால் சுவர் எழும்பிவிடுமா? எங்கே எழுப்ப வேண்டும், எவ்வளவு உயரம், எப்போது நிறுத்த வேண்டும் என்று யாராவது சொல்ல வேண்டும். பால் செங்கல்தான். நம் உடம்பிலுள்ள செல்களுக்கு "இப்போது இரண்டாகப் பிரி", "நீ சாகாமல் இரு", "அந்தப் பக்கமாக நீள்" என்று சொல்கிற சின்னச் சின்னப் புரதங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு வளர்ச்சிக் காரணிகள் என்று பெயர். ஒரு செல்லிலிருந்து புறப்பட்டு இன்னொரு செல்லின் மேற்பரப்பில் இருக்கும் தனக்கேற்ற ஏற்பியில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் உள்ளே வேலை தொடங்கும்.

இப்படி ஒன்று இருக்கிறது என்று கண்டுபிடித்த கதையை முகிலுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது. ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம்.

இத்தாலியில் தூரின் நகரத்தில் 1909இல் பிறந்தவர் ரீத்தா லெவி-மோந்தால்சினி. மருத்துவம் படித்தார். யூதர் என்பதால் 1938இல் முசோலினி அரசு போட்ட சட்டம் அவரைப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைய விடவில்லை. ரீத்தா தன் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக மாற்றிக்கொண்டார். தையல் ஊசிகளைத் தீட்டித் தீட்டிக் கத்தியாக்கினார். கோழி முட்டைகளை அடைவைத்து, உள்ளே வளரும் குஞ்சுக் கருவில் நரம்புகள் எப்படி முளைக்கின்றன என்று நுண்ணோக்கியில் பார்த்தார். வெளியே உலகப் போர். குண்டு விழ ஆரம்பித்ததும் குடும்பத்தோடு கிராமத்துக்குப் போனார். ஆய்வுக்கூடமும் கூடவே போனது.

"முட்டைக்கு அப்போ பஞ்சமா இருந்திருக்குமே?" என்றான் முகில். பையனுக்குப் பிடி கிடைத்துவிட்டது.

போர் முடிந்து 1947இல் ரீத்தா அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்குப் போனார். அங்கே எலிக்கட்டி ஒன்றைக் கோழிக் கருவோடு சேர்த்து வைத்தால், கருவின் நரம்புகள் அந்தக் கட்டியை நோக்கிக் கன்னாபின்னாவென்று முளைப்பதைப் பார்த்தார். கட்டி எதையோ கசிய விடுகிறது என்று அவருக்குச் சந்தேகம். 1952இல் கட்டியுள்ள இரண்டு எலிகளைத் தன்னோடு எடுத்துக்கொண்டு பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவுக்கு விமானம் ஏறினார். செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்க்கத் தெரிந்த தோழி ஒருவர் அங்கே இருந்தார். நரம்பு முடிச்சைக் கட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். ஒரு நாள் ஆவதற்குள் முடிச்சைச் சுற்றி, குழந்தைகள் வரையும் சூரியனுக்குக் கதிர் போடுவதுபோல, நாலாபக்கமும் நரம்பிழைகள் கிளம்பியிருந்தன.

அந்தப் பொருள் என்ன? இதைக் கண்டுபிடிக்க ஸ்டான்லி கோஹன் என்ற வேதியியலாளர் சேர்ந்தார். கட்டிச் சாற்றில் ஒரு குறிப்பிட்ட வகைப் பொருளை அழிப்பதற்காகக் கொஞ்சம் பாம்பு விஷத்தைக் கலந்து பார்த்தார். நரம்பு முளைப்பது நிற்கும் அல்லது அப்படியே இருக்கும் என்றுதான் எண்ணினார். நரம்பு முன்னைவிடப் பல மடங்கு வேகமாக முளைத்தது! அந்தப் பொருள் பாம்பு விஷத்திலேயே ஏராளமாக இருந்திருக்கிறது. விஷப்பை என்பது என்ன, ஒரு வகை உமிழ்நீர்ச் சுரப்பிதானே? அப்படியென்றால் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் இருக்குமோ? பார்த்தார். அங்கேயும் இருந்தது. அதுதான் நரம்பு வளர்ச்சிக் காரணி. இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடமே இந்தப் பாம்பு நுழைகிற இடம்தான்.

கதை அங்கே முடியவில்லை. அந்த உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றைப் பிறந்த எலிக்குட்டிகளுக்கு ஊசி மூலம் கொடுத்தபோது விசித்திரமான ஒன்று நடந்தது. எலிக்குட்டி கண்ணை மூடிக்கொண்டுதான் பிறக்கும். இரண்டு வாரம் கழித்துத்தான் திறக்கும். ஊசி போட்ட குட்டிகள் ஒரே வாரத்தில் கண்ணைத் திறந்துவிட்டன. பல்லும் சீக்கிரமே முளைத்தது. இதற்கு நரம்புக் காரணி பொறுப்பில்லை, சாற்றில் வேறு ஒன்று ஒளிந்திருக்கிறது என்று கோஹனுக்குப் புரிந்தது. அதைப் பிரித்தெடுத்து 1962இல் வெளியிட்டார். தோல், குடலின் உள்படலம் போன்றவற்றை வளரவைக்கும் காரணி அது. ரீத்தாவும் கோஹனும் 1986இல் நோபல் பரிசு பெற்றார்கள். ரீத்தா 103 வயது வரை வாழ்ந்தார்.

முகில் சட்டென்று எழுந்து கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தான். "நம்ம பாப்பா கண்ணு தொறந்திருக்கா?"

திறந்திருந்தது, அரைக் கண்ணாக. மனிதக் கருவுக்கும் இமைகள் சில மாதம் ஒட்டித்தான் இருக்கும். 26ஆவது வாரத்தை ஒட்டித்தான் பிரியும். 23, 24 வாரத்திலேயே பிறந்துவிடும் சில குழந்தைகளுக்கு எலிக்குட்டிபோல இமை ஒட்டியே இருப்பதுண்டு. நம் பாப்பா அந்தக் கட்டத்தைத் தாண்டி வந்துவிட்டாள்.

இனி அவளுக்கு முக்கியமான இன்னொரு காரணிக்கு வருவோம். அதற்கு ஒரு நீளப் பெயர்: இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி-1. சுருக்கமாக ஐ.ஜி.எஃப்-1. அமினோ அமிலங்கள் 70 கோத்த ஒரு குட்டிச் சரம். பெரும்பாலும் கல்லீரலில் செய்யப்பட்டு ரத்தத்தில் மிதந்து உடம்பெங்கும் போகிறது.

இதன் தடயமும் ரீத்தா போன அதே செயின்ட் லூயிஸ் நகரத்தில்தான் கிடைத்தது. 1957இல் சால்மன், டாகடே என்ற இருவர் எலியின் குருத்தெலும்புத் துண்டைத் தட்டில் வைத்து, அதன்மேல் வளர்ச்சி ஹார்மோனை நேரடியாக ஊற்றினார்கள். மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி விடுகிற ஹார்மோன் அது. உயரமாக்குவது அதுதான் என்று எல்லோரும் நம்பினார்கள். குருத்தெலும்பு அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஆனால் அந்த ஹார்மோன் செலுத்தப்பட்ட எலியின் ரத்தநீரை ஊற்றியதும் குருத்தெலும்பு சுறுசுறுப்பாக வேலை செய்தது. ஹார்மோன் உத்தரவு மட்டும்தான் போடுகிறது, உத்தரவை வாங்கி வயலுக்கு ஓடுகிற ஆள் வேறு ஒருவன் என்பது அப்போது தெரிந்தது. அந்த ஆள்தான் பிற்பாடு ஐ.ஜி.எஃப்-1 என்று பெயர் பெற்றான்.

அவன் எவ்வளவு பலசாலி என்று பார்க்க வேண்டுமானால் தெருவில் போகிற நாய்களைப் பாருங்கள். ஒரு கிரேட் டேன் நாயின் பக்கத்தில் சிவாவா நாய் நின்றால் கன்றுக்குட்டி பக்கத்தில் அணில் நிற்பதுபோல இருக்கும். இரண்டும் ஒரே இனம்தான். குட்டி நாய் வகைகளில் பெரும்பாலானவை இந்த ஐ.ஜி.எஃப்-1க்கான மரபணுவில் ஒரே மாதிரியான சிறு மாற்றத்தைச் சுமக்கின்றன என்று 2007இல் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். நாயின் உருவத்தை முடிவு செய்யும் மரபணுக்கள் வேறு சிலவும் உண்டு. ஆனால் இது அவற்றுள் பெரிய கை.

சரி, பாப்பாவிடம் வருவோம்.

வயிற்றில் இருந்தவரை நஞ்சுக்கொடி வழியாகச் சர்க்கரையும் புரதச் சத்தும் இடைவிடாமல் வந்துகொண்டிருந்தன. அந்தச் சத்து வரவர, பாப்பாவின் உடம்பு ஐ.ஜி.எஃப்-1ஐச் செய்துகொண்டே இருந்தது. கடைசி மூன்று மாதத்தில் இதன் அளவு வாரத்துக்கு வாரம் ஏறும். அதோடு, வயிற்றுக்குள் குழந்தை பனிக்குட நீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். பிரசவ நாள் நெருங்கும்போது ஒரு நாளைக்கு அரை லிட்டர் போலக் குடிக்கும். அந்த நீரிலும் வளர்ச்சிக் காரணிகள் இருக்கின்றன, குடலுக்கு அவை நல்ல பயிற்சி.

பதினொரு வாரம் முன்னதாகத் தொப்புள்கொடி அறுந்ததும் இந்த வரத்து நின்றுவிடுகிறது. ஐ.ஜி.எஃப்-1 அளவு சட்டென்று கீழே விழுகிறது. ஏறிக்கொண்டிருந்திருக்க வேண்டிய நேரத்தில் இறங்குகிறது. குடல் பழகும்வரை பாலை மில்லி மில்லியாகத்தான் கொடுக்க முடியும். சத்தை ரத்தக்குழாய் வழியாக ஏற்றினாலும் நஞ்சுக்கொடிக்கு ஈடாகாது. நடுவில் கிருமித்தொற்று வந்தால் இன்னும் இறங்கும். அளவு மறுபடி மெல்ல ஏறுவதற்கு வாரக்கணக்கில் ஆகிறது.

இந்த வாரங்கள் சும்மா இருக்கும் வாரங்களா என்றால், இல்லை. 28ஆவது வாரத்துக்கும் 40ஆவது வாரத்துக்கும் நடுவில் மூளை ஏறத்தாழ மூன்று மடங்காகப் பெருக்கிறது. அதுவரை பெரும்பாலும் வழுவழுப்பாக இருந்த அதன் மேற்பரப்பு அக்ரூட் பருப்புபோல மடிப்பு மடிப்பாகிறது. சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள், ஐ.ஜி.எஃப்-1 குறைவாக இருந்த குறைமாதக் குழந்தைகளுக்கு மூளையின் பருமனும் குறைவாக இருப்பதைக் கண்டார்கள். உடனே "அதனால்தான் இது" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாம். ரொம்ப நோய்ப்பட்ட குழந்தைக்கு இரண்டுமே குறையுமல்லவா?

கண் விஷயத்தில்தான் காரணமும் விளைவும் எப்படிப் பின்னிக்கொள்கின்றன என்பது தெளிவாகத் தெரிந்தது. அங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

1942இல் அமெரிக்காவின் பாஸ்டனில் டெர்ரி என்ற கண் மருத்துவர், குறைமாதக் குழந்தைகள் சிலருக்குக் கண்ணின் உள்ளே வெள்ளைப் படலம் உருவாகிப் பார்வை போவதை எழுதினார். அடுத்த பத்தாண்டில் பணக்கார நாடுகளில் இப்படிப் பார்வை இழந்தவர்கள் ஏறத்தாழ 10,000 பேர். நல்ல ஆஸ்பத்திரி, புது இன்குபேட்டர், தாராளமான கவனிப்பு இருக்கிற இடத்தில்தான் அதிகம்! 1951இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் கேட் கேம்ப்பெல் என்ற குழந்தை மருத்துவர், தாராளமாகத் திறந்துவிட்ட ஆக்சிஜன் மேல் சந்தேகப்பட்டார். 1953இல் அமெரிக்காவில் பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து நடத்திய சோதனை அதை உறுதிசெய்தது. 1950இல் ஆறு வாரம் முன்னதாகப் பிறந்து இப்படிப் பார்வை இழந்த ஒரு குழந்தை பிற்பாடு உலகப் புகழ்பெற்ற பாடகரானார். அவர் ஸ்டீவி வொண்டர்.

ஆக்சிஜனை அளந்து கொடுக்கத் தொடங்கினார்கள். நோய் குறைந்தது, ஒழியவில்லை. ஆக்சிஜனை எவ்வளவு கவனமாகக் கொடுத்தாலும் ரொம்பச் சின்னக் குழந்தைகள் சிலருக்கு வந்தது. வேறு ஏதோ ஒன்று குறைகிறது. அது என்ன?

கண்ணின் பின்சுவரில் விழித்திரை இருக்கிறது. அதற்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் நடுவிலுள்ள நரம்பு முனையிலிருந்து 16ஆவது வாரத்தில் கிளம்பி, ஓரத்தை நோக்கி மெல்லப் படர்கின்றன. கடைசி ஓரத்தை அடையும்போது 40ஆவது வாரம் ஆகிவிடும். நம் பாப்பா பிறந்தபோது அவை பாதி வழியைத் தாண்டி எங்கோ இருந்தன.

என் தாத்தா ஊரில் கண்மாய்த் தண்ணீரைப் பங்கிட்டு விடுவதற்கு நீர்க்கட்டி என்று ஓர் ஆள் இருப்பார். கடைமடை வயல்காரர் "என் பயிர் காயுது" என்று குரல் கொடுப்பார். நீர்க்கட்டி மண்வெட்டியோடு போய், வாய்க்காலைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டித் தண்ணீரை நடத்திக் கொண்டுபோவார். குரல் மட்டும் இருந்தால் தண்ணீர் வராது. குரலே இல்லாமல் மண்வெட்டி மட்டும் இருந்தாலும் எந்தப் பக்கம் வெட்டுவது என்று தெரியாது.

விழித்திரையின் காய்ந்த ஓரம் கொடுக்கிற குரலும் ஒரு வளர்ச்சிக் காரணிதான். ரத்தக்குழாயை வளரச் சொல்லும் காரணி, வி.இ.ஜி.எஃப் என்பார்கள். ஆக்சிஜன் போதவில்லை என்றால் செல்கள் அதை வெளியே விடும். அளவுக்கு மீறி ஆக்சிஜன் கொடுத்தால் "எனக்குப் போதும்" என்று குரல் அடங்கிவிடும், குழாய் வளர்வது நின்றுவிடும். 1940களிலும் 50களின் தொடக்கத்திலும் நடந்தது இதுதான். மண்வெட்டியோடு நிற்கும் நீர்க்கட்டி யார்? 2001இல் சுவீடனின் கோத்தன்பர்க்கைச் சேர்ந்த ஆன் ஹெல்ஸ்ட்ரோம், பாஸ்டனின் லோயிஸ் ஸ்மித் ஆகியோரின் குழு அதற்கு விடை சொன்னது. ஐ.ஜி.எஃப்-1தான் அது. அது போதுமான அளவில் இல்லாவிட்டால் வி.இ.ஜி.எஃப் எவ்வளவு கத்தினாலும் குழாய்ச் செல்கள் அசையாது.

இப்போது பாருங்கள். பாப்பா சீக்கிரம் பிறந்தாள். நீர்க்கட்டி ஊரில் இல்லை. வாய்க்கால் பாதியில் நிற்கிறது. ஆனால் விழித்திரை வளர்ந்துகொண்டே இருக்கிறது, அதற்கு ஆக்சிஜன் வேண்டும். ஓரத்தில் குரல் ஏறுகிறது. ஒரு வாரம், இரண்டு வாரம், ஐந்து வாரம். கூச்சல் குவிந்து கிடக்கிறது. அப்புறம் ஒரு நாள் நீர்க்கட்டி திரும்பி வருகிறார், அதாவது ஐ.ஜி.எஃப்-1 ஒரு மட்டத்துக்கு மேல் ஏறுகிறது. இத்தனை வாரக் கூச்சலும் ஒரே நேரத்தில் அவர் காதில் விழுகிறது. கண்ட இடத்தில் வெட்டுகிறார். கரை உடைகிறது. புதுக்குழாய்கள் தாறுமாறாக, பலவீனமாக, விழித்திரையை விட்டு விலகிக் கண்ணின் நடுப்பக்கமாகக்கூட முளைக்கின்றன. கசிகின்றன. தழும்பாகி, சுருங்கி, விழித்திரையையே பிய்த்து இழுத்துவிடக்கூடும்.

"அப்ப ஐ.ஜி.எஃப் குறைஞ்சாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்தா?" என்றான் முகில்.

நேரம் தவறினால் ஆபத்து. முதல் வாரங்களில் வந்திருந்தால் அதே ஐ.ஜி.எஃப்-1 கண்ணைக் காப்பாற்றியிருக்கும். நல்லவேளை, பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்தக் கோளாறு லேசாக வந்து தானாகவே அடங்கிவிடுகிறது. முற்றினால்தான் வைத்தியம். லேசர் கொண்டு, குழாய் போகாத ஓரப் பகுதியைச் சுட்டு, அதன் கூச்சலை அடக்குவார்கள். அல்லது வி.இ.ஜி.எஃப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் மருந்தைக் கண்ணுக்குள் ஊசியில் போடுவார்கள்.

இங்கேதான் தராசு வருகிறது. ஐ.ஜி.எஃப்-1 குறைவாக இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள ரத்தம் எடுக்க வேண்டும். ஒரு கிலோ குழந்தைக்கு உடம்பிலிருக்கும் மொத்த ரத்தமே ஒரு டம்ளரில் பாதிதான். அடிக்கடி எடுக்க முடியுமா? கோத்தன்பர்க் குழு ஒரு கணக்கு முறையை உருவாக்கியது. ஆரம்பத்தில் ரத்தத்திலுள்ள ஐ.ஜி.எஃப்-1 அளவையும் வாராவாரம் ஏறும் எடையையும் சேர்த்தே போட்டார்கள். பிறகு பார்த்தால், எடையே முக்கால்வாசிக் கதையைச் சொல்லிவிட்டது. ஐ.ஜி.எஃப்-1 மந்தமாக இருக்கும் குழந்தைக்கு எடையும் மந்தமாகத்தான் ஏறும். முதல் வாரங்களில் எடை சரியாக ஏறாத குழந்தையின் கண்ணை உஷாராகப் பார்க்க வேண்டும் என்று அந்தக் கணக்கு மணியடிக்கும்.

முதுகுக்கடியில் வைக்கிற தராசு கண்ணுக்குள் நடப்பதைச் சொல்கிறது! அறிவியலில் இந்த மாதிரி இடங்கள் வரும்போது என்னால் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. ஆனால் தராசை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. நம் நாட்டில் எடை ஓரளவு நன்றாகவே இருக்கிற, கொஞ்சம் பெரிய குறைமாதக் குழந்தைகளுக்கும் இந்தக் கண்நோய் வருகிறது. அதனால் இங்கே 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த எல்லாக் குழந்தைக்கும் பிறந்த 30 நாளுக்குள் கண்ணைச் சோதித்துவிட வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். ரொம்பச் சின்னதாக இருந்தால் அதற்கும் முன்பாகவே.

முகிலுக்கு அடுத்த கேள்வி தயாராக இருந்தது. "குறையுதுன்னா அந்த ஐ.ஜி.எஃப்பையே ஊசில போட்டுட வேண்டியதுதான?"

போட்டுப் பார்த்தார்கள். 28 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்கு, ஐ.ஜி.எஃப்-1ஐ அதைச் சுமந்து செல்லும் துணைப் புரதத்தோடு சேர்த்து, சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். முடிவு 2019இல் வெளியானது. கண்நோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள், குறையவில்லை. ஆனால் இந்தக் குழந்தைகளுக்கு வரும் கடுமையான நுரையீரல் கோளாறு, மருந்து பெற்றவர்களிடம் குறைவாக இருந்தது. தேடிப் போனது ஒன்று, காலில் தட்டுப்பட்டது வேறு. கண்ணுக்கு ஏன் உதவவில்லை என்று கேட்டால், ஒரே ஒரு காரணியைத் தனியாக ஊற்றினால் நஞ்சுக்கொடி செய்த வேலை முழுவதும் நடந்துவிடாது என்று எனக்குப் படுகிறது. உடம்பில் எந்த நீர்க்கட்டியும் தனியாக வேலை செய்வதில்லை.

பிறகு இப்போது என்னதான் செய்கிறார்கள்? எங்கள் கண் முன்னாலேயே அது நடந்துகொண்டிருந்தது. அக்கா உள்ளே நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாப்பாவைத் துணியில்லாமல், டயபரும் குல்லாவும் மட்டும் போட்டு, நெஞ்சோடு நெஞ்சாக நிமிர்த்தி வைத்து, மேலே ஒரு துணியால் கட்டியிருந்தார்கள். கங்காரு முறை. 1970களின் கடைசியில் கொலம்பியா நாட்டின் போகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஆஸ்பத்திரி ஒன்றில் தொடங்கியது. இன்குபேட்டருக்குப் பதிலாக அம்மா. தில்லி ஆஸ்பத்திரி ஒன்று உட்பட ஐந்து நாடுகளின் ஆஸ்பத்திரிகளில், 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளைப் பிறந்த உடனேயே இப்படி வைத்துப் பார்த்தபோது இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. 2021இல் வந்த முடிவு இது. உடம்பைச் சூடாக வைத்திருக்கச் செலவாகிற சக்தி மிச்சமானால் அது வளர்ச்சிக்குத்தானே போகும்?

அப்புறம் தாய்ப்பால். முதலில் வரும் மஞ்சள் நிறச் சீம்பாலை, பாட்டிகள் சிலர் இன்னும் "கெட்ட பால்" என்று பீய்ச்சிக் கீழே ஊற்றச் சொல்கிறார்கள். கோஹன் எலிக்குட்டியின் கண்ணைத் திறக்கவைத்தாரே, அந்தக் காரணி சீம்பாலில் செறிவாக இருக்கிறது. குறைமாதத்தில் பிரசவித்த தாயின் பாலில் அது இன்னும் அதிகம். யார் அந்தத் தாயின் உடம்புக்குத் தகவல் சொன்னார்கள் என்று நினைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. பச்சைக் குடலின் உள்சுவரை உறுதியாக்க அது உதவுகிறது. குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் கொடிய குடல் அழற்சி, தாய்ப்பால் குடிப்பவர்களுக்குக் குறைவாக வருவதற்கு இப்படிப் பல காரணங்கள். அக்காவிடமிருந்து கிடைத்த முதல் பால் ஒரு டீஸ்பூன்கூட இல்லை. சிஸ்டர் அதைச் சிரிஞ்சில் எடுத்து, பாப்பாவின் வாய் வழியாகப் போன சின்னக் குழாயில், ஊசித் தண்டை அழுத்தாமல் அது தன் எடையிலேயே இறங்கும்படி பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு துளியை விரலில் தொட்டுப் பாப்பாவின் கன்னத்தின் உட்புறமும் தடவினார்.

பன்னிரண்டாம் நாள் முகிலின் டைரியில் 1,240 திரும்ப வந்தது. அன்று அவன் அந்த எண்ணைச் சிவப்பு மையில் எழுதினான். அதற்குப் பிறகு நாளுக்கு 15, 20, 18, ஒரு நாள் 5 மட்டும் (அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை), மறுநாள் 30.

இருபத்தெட்டாம் நாள் கண் டாக்டர் வந்தார். பாப்பாவின் கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பாவை விரிய அரை மணி நேரம் காத்திருந்தார். தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு, கையில் ஒரு லென்சைப் பிடித்துக் குனிந்தார். பாப்பா அழுதாள், முன்பைவிடச் சத்தமாகவே. வெளியே வந்தவர் அக்காவிடம் சொன்னார்: "ரத்தக்குழாய் நல்லாத்தான் போய்க்கிட்டிருக்கும்மா. ஓரம் வரைக்கும் இன்னும் எட்டல. ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி பாக்கணும். தவறாம வந்துடுங்க."

முகில் அவர் பின்னாலேயே போனான். "டாக்டர், பாப்பா எடை இன்னைக்கு ஆயிரத்து ஐந்நூத்தி முப்பது" என்று டைரியை நீட்டினான்.

டாக்டர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். "ரெண்டு வாரம் கழிச்சு வரும்போது இதையும் எடுத்துக்கிட்டு வா" என்றார்.